இழுப்பதா, தள்ளுவதா?

சித்திரை மாதத்துப் பகல். ஒரு பழைய இராணுவ லாரியில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தூரம் சுமார் 45 கிலோமீட்டர்தான். புதுச்சத்திரத்தில் தேநீர் குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்தால் வண்டி கிளம்ப மறுக்கிறது. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. பாட்டரியும் நன்றாக இருக்கிறது. டிரைவர் சிறிதும் பதறாமல், எஞ்சினின் பக்கத்தில் உள்ள பெட்ரோல் பம்பின் மேல் ஓர் ஈரத்துணியைப் போடுகிறார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது! இது மாயமா? இல்லை, பௌதிகம்.

ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவான ஜோங்கா, நிசான் ஒரு டன் லாரி போன்றவை பெட்ரோலில் ஓடியவை. ஜோங்காவின் எஞ்சினுக்கு 6 சிலிண்டர்கள். கொள்ளளவு 3,956 கன சென்டிமீட்டர். படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவற்றில் பல ஏலத்தில் தனியாரிடம் வந்தன. இத்தகைய பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். எஞ்சின் சுழலும்போது ஒரு நெம்புகோல், ரப்பர் பூசிய துணியாலான டயாப்ரம் என்ற சவ்வை இழுத்து விடும். சவ்வு இழுபடும்போது பம்பினுள் அழுத்தம் குறையும். டாங்கியிலிருந்து பெட்ரோல் மேலேறி வரும்.

இங்கேதான் சிக்கல். அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். இதை நீங்களே பார்க்கலாம்.

செய்து பாருங்கள்: ஊசி இல்லாத புதிய சிரிஞ்சு ஒன்றில், கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரைக் கால் பங்கு எடுங்கள். காற்றை வெளியேற்றிவிட்டு, முனையை விரலால் இறுக அடைத்து, தண்டைப் பலமாக இழுங்கள். நீரில் குமிழிகள் தோன்றும்! கரைந்திருந்த காற்றும் சிறிது வெளிவரும். ஆனால் தண்டை விட்டதும் பெரும்பாலான குமிழிகள் மறைந்துவிடும். அவை நீராவி. (பெட்ரோலைக் கொண்டு இச்சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.)

பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். கத்திரி வெயிலில் எஞ்சினை நிறுத்தியதும் விசிறியும் நின்றுவிடுகிறது. எஞ்சினின் சூடு பம்பில் ஏறுகிறது. குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது. பம்பு ஆவியைத்தான் சுருக்கி விரிக்கிறதே தவிர, பெட்ரோலை இழுப்பதில்லை. இதற்கு ‘ஆவி அடைப்பு’ என்று பெயர். ஈரத்துணியில் உள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆவி மீண்டும் பெட்ரோலாகிறது.

நிலையான தீர்வு என்ன? நம் ஊர்க் கிணறுகளைப் பாருங்கள். கரையில் வைத்த மோட்டார் நீரை ‘இழுப்பதாக’ நாம் சொல்கிறோம். உண்மையில் வளிமண்டல அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அதனால் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது; நடைமுறையில் 7 மீட்டரே அதிகம். நீர் மட்டம் இறங்கியபோது உழவர்கள் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பிறகு ஆழ்குழாயினுள் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. அது நீரைக் கீழிருந்து தள்ளுகிறது. தள்ளுவதற்கு அந்த வரம்பு இல்லை!

லாரியிலும் இதே வழிதான். மின்சாரப் பம்பை எஞ்சினிலிருந்து விலக்கி, டாங்கிக்கு அருகே, தாழ்வான இடத்தில் பொருத்துகிறார்கள். பழைய மோரிஸ் மைனர் காரிலிருந்த மின் பம்பு, உங்கள் பள்ளி மின்சார மணியைப் போன்றதே: மின்காந்தம் சவ்வை இழுக்கும், தொடர்பு துண்டிக்கும், சுருள்வில் சவ்வைத் தள்ளும், மீண்டும் தொடர்பு ஏற்படும். குழாய் முழுவதும் அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏதோ ஒரு பம்பை வாங்கி மாட்டினால் போதாது. மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அழுத்தம். கார்புரேட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவே போதும். இன்றைய கார்களின் பம்பு சுமார் 3 கிலோ தரும். அது மிதவை ஊசியைத் தள்ளித் திறந்துவிடும், பெட்ரோல் வழிந்தோடும்.

இரண்டாவது, மின்னழுத்தம். இராணுவ வண்டிகள் பலவற்றில் 24 வோல்ட். 12 வோல்ட் பம்பின் கம்பிச்சுருளை அதில் இணைத்தால் மின்னோட்டம் 2 மடங்காகும்; வெப்பமோ 4 மடங்காகும். சுருள் கருகிவிடும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியம். பழைய பம்பு எஞ்சின் நின்றதும் தானே நின்றுவிடும். மின் பம்புக்கு அது தெரியாது. விபத்தில் குழாய் உடைந்து எஞ்சின் நின்றாலும், சாவி திருகியிருக்கும் வரை அது சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். ஒரு பொறி போதும், வண்டி எரிந்துவிடும். ஆகவே எஞ்சினின் ஆயில் அழுத்தம் குறைந்தாலோ, வண்டி எதிலாவது மோதினாலோ மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும், ஒரு பியூசும் அவசியம். அவை இல்லாமல் பம்பு மட்டும் பொருத்துவது, ஒரு தொல்லையை நீக்கி ஓர் ஆபத்தை வாங்குவதாகும்.

சிந்தியுங்கள்: பெட்ரோல் பம்பு கெட்டுப்போன வண்டியில், டிரைவர் ஒரு டப்பாவில் பெட்ரோல் ஊற்றி எஞ்சினுக்கு மேலே உயரமாகக் கட்டினால் வண்டி ஓடுமா? ஓடினால், தள்ளுவது எது? அப்படிச் செய்வது ஏன் ஆபத்தானது?