ஒரே சொடுக்கில் சர்வர்: பாஸ்வேர்டு எந்த வழியாகப் போகிறது?

இருபது முப்பது விண்டோஸ் சர்வர்களைக் கவனிக்கும் அட்மினுக்கு, கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறப்பது பெரிய வசதி. சர்வர் பெயரையும் தட்ட வேண்டாம், பாஸ்வேர்டையும் தட்ட வேண்டாம். ஆனால் பெட்டகத்தை விட்டு வெளியே வந்த பாஸ்வேர்டு சர்வரைச் சேரும்வரை எங்கெங்கே தங்குகிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

• சிஎம்டிகீ கட்டளையால் பாஸ்வேர்டை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் போட்டுவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் நிரலான எம்எஸ்டிஎஸ்சி-யைத் திறப்பதுதான் பலரும் கையாளும் வழி. போட்டதை நீக்கும் வரியையும் அதே ஸ்கிரிப்டில் எழுதுங்கள். இல்லையென்றால் 'டெர்ம்எஸ்ஆர்வி' என்று தொடங்கும் பதிவுகள் சர்வருக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். கீபாஸைப் பூட்டிவிட்டு எழுந்து போனாலும் அவை அங்கேயே இருக்கும்; உங்கள் கணக்கில் உட்காருபவர் பாஸ்வேர்டே இல்லாமல் சர்வருக்குள் போய்விடலாம். கிரெடென்ஷியல் மேனேஜரை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

• கீபாஸ் பதிவில் ஐபி எண்ணைப் போடாமல் சர்வரின் முழு டொமைன் பெயரைப் போடுங்கள். ஐபி எண் என்றால் பொதுவாகக் கெர்பரோஸ் நடக்காது, என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். சான்றிதழ் எச்சரிக்கையும் வரும். அதைப் படிக்காமலே 'ஆம்' அழுத்தும் பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொள்கிறது.

• வேலை முடிந்ததும் லாக்-ஆஃப் செய்யுங்கள். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்பு மட்டுமே அறுகிறது, செஷன் சர்வரில் உயிரோடு இருக்கிறது.

• கீபாஸ் 2.54-க்கு முந்தையது என்றால் உடனே புதுப்பியுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டின் முதல் எழுத்தைத் தவிர மற்றவற்றை மெமரியிலிருந்து மீட்டெடுக்க வழிவிட்ட குறை 2023-இல் வெளிவந்தது. அதைச் சரிசெய்தது 2.54 தான்.

செய்யக்கூடாதவை

• பாஸ்வேர்டைக் கமாண்ட் லைனில் வெளிப்படையாக விடாதீர்கள். மேலே சொன்ன சிஎம்டிகீ வழியின் பெரிய பலவீனமும் இதுதான். கமாண்ட் லைனையும் பதியும்படி தணிக்கை அமைத்திருந்தால், 4688 என்ற நிகழ்வுப் பதிவில் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டு, லாக் சேகரிக்கும் சர்வருக்கும் போய்விடும். விண்டோஸின் ஏபிஐ வழியாக எழுதிவிட்டுத் தானே நீக்கிவிடும் பிளகின் கிடைத்தால் ஸ்கிரிப்டைவிட அதுவே மேல்.

• பாஸ்வேர்டைக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். கிளிப்போர்டைப் பகிரும் செஷன்கள் நான்கு திறந்திருந்தால், நான்கு சர்வர்களுமே அதைப் படிக்க முடியும்.

• நம்பிக்கையில்லாத சர்வருக்கு உங்கள் டிரைவ்களைத் திறந்துவிடாதீர்கள்.

• அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற ஒரே கணக்கை எல்லோரும் பகிராதீர்கள். நள்ளிரவில் உள்ளே வந்தது யார் என்று பிறகு எந்த லாகும் சொல்லாது.

• ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறக்கவே திறக்காதீர்கள். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற குறை வெளிவந்தபோது, 2014-லேயே ஆதரவு முடிந்த எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுக்க வேண்டி வந்தது. பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே நுழையவிட்ட ஓட்டை அது. விபிஎன் அல்லது கேட்வே வழியாக மட்டும் வரவிடுங்கள்; கீபாஸ் பதிவிலும் சர்வரின் உள்முகவரியையே வைத்திருங்கள்.