எங்கும் இல்லாத நாடு

நுழையும் முன்

ஒரு நாட்டைப் பற்றி எழுதும்போது நிலம், மக்கள், தொழில், ஆட்சி என்னும் நான்கு தலைப்புகளில் செய்திகளைத் திரட்டுவது வழக்கம். சமூக அறிவியல் நூல்களில் பல நாடுகளை நீங்கள் இவ்வாறே படித்திருப்பீர்கள். இப்பாடமும் ஒரு நாட்டின் அறிமுகமே. ஆயினும் இந்நாட்டை எந்த நிலப்படத்திலும் காண இயலாது. இஃது ஒரு மனிதர் தம் கற்பனையால் படைத்த நாடு. அந்நாட்டில் அவர் எவற்றை வைத்தார்? அங்கு யாருக்கு இன்பம், யாருக்குத் துன்பம்? படித்து அறிவோம்.

நூலும் ஆசிரியரும்

தாமஸ் மோர் 1478ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தவர். சட்டம் பயின்று வழக்கறிஞராகத் திகழ்ந்தார், நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றார். பின்னாளில் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் சான்சலர் என்னும் மிக உயர்ந்த பதவியை வகித்தார். அவர் இலத்தீன் மொழியில் எழுதிய ‘யுட்டோபியா’ என்னும் நூல், 1516ஆம் ஆண்டு இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள லூவன் நகரில் அச்சிடப்பட்டது.

‘யுட்டோபியா’ என்பது கிரேக்கச் சொற்களைக் கொண்டு மோர் உருவாக்கிய பெயர். அதற்கு ‘இல்லாத இடம்’ என்பது பொருள். ‘நல்ல இடம்’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. எனவே அப்பெயரைக் கேட்போர்க்கு இரு பொருள்களும் தோன்றும்.

கொலம்பஸ் கடற்பயணம் மேற்கொண்ட 1492ஆம் ஆண்டுக்குப் பின், புதிய நிலங்களைப் பற்றிய செய்திகளை ஐரோப்பிய மக்கள் பேராவலுடன் படித்தனர். மோர் அந்த ஆவலைப் பயன்படுத்திக்கொண்டார். 1515ஆம் ஆண்டு அவர் வணிகப் பேச்சு நிகழ்த்தும் தூதுக்குழுவில் ஒருவராக ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குச் சென்றது உண்மை நிகழ்ச்சி. அங்கே ஆண்ட்வெர்ப் நகரில் ரபேல் என்னும் கடற்பயணியைச் சந்தித்ததாக நூலில் எழுதியது கற்பனை. யுட்டோபியாவில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர் என்று அறிமுகமாகும் அந்த ரபேலே நாட்டின் சிறப்புகளை எடுத்துரைக்கிறார்.

நூல் பிறந்த சூழல்

அக்காலத்தில் கம்பளி மிகுந்த விலைக்கு விற்றது. இங்கிலாந்தின் நிலக்கிழார் பலர் விளைநிலங்களை வேலியிட்டு வளைத்து, ஆட்டு மந்தைகளுக்குரிய மேய்ச்சல் நிலங்களாக மாற்றினர். அந்நிலங்களை உழுதுவந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேலையின்றிப் பசியால் வாடியவருள் சிலர் திருடினர். திருட்டுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிழைக்கும் வழியைப் பறித்துவிட்டுத் திருடியவனைத் தூக்கிலிடுவது முறையாகுமா என்று நூலின் முதற்பகுதியில் ரபேல் வினவுகிறார். அவ்வினாவுக்கு விடையாகவே இரண்டாம் பகுதியில் யுட்டோபியா நாடு விரிகிறது.

நிலம்

யுட்டோபியா பிறைநிலவின் வடிவம் கொண்ட தீவு. நடுப்பகுதியில் அதன் அகலம் 200 மைல். முற்காலத்தில் அது பெருநிலத்தோடு இணைந்திருந்தது. அதனை வென்ற யுட்டோப்பஸ் என்னும் அரசன், 15 மைல் நிலத்தை வெட்டி அகற்றிக் கடலைப் புகச் செய்து தீவாக்கினான்.

தீவில் 54 நகரங்கள் உள்ளன. தலைநகரின் பெயர் அமரோட். எல்லா நகரங்களுக்கும் ஒரே மொழி, ஒரே வழக்கம், ஒரே சட்டம். ஒரு நகரைக் கண்டவர் அனைத்தையும் கண்டவராவர்; அத்துணை ஒற்றுமை அவற்றுக்குள் உண்டு. நகரத்து வீடுகளின் பின்புறம் தோட்டங்கள் அமைந்துள்ளன. கதவுகளுக்குப் பூட்டு இல்லை, தள்ளினால் திறக்கும். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குலுக்கல் முறையில் வீடுகளை மாற்றிக்கொள்வர். ஆதலால் ‘என் வீடு’ என்னும் எண்ணம் எவருக்கும் வேரூன்றுவதில்லை.

தொழிலும் பொருளாதாரமும்

ஆண், பெண் இருபாலாரும் உழவுத் தொழிலைக் கற்கின்றனர். அதனோடு நெசவு, கொத்து வேலை, கொல்லு வேலை, தச்சு வேலை போன்ற தொழில்களுள் ஒன்றையும் பயில்கின்றனர். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே வேலை: நண்பகலுக்கு முன் மூன்று மணி, உணவுக்கும் ஓய்வுக்கும் பின் மூன்று மணி. எஞ்சிய பொழுதைக் கல்வியிலும் விருப்பமான பணிகளிலும் செலவிடுகின்றனர்.

ஆறு மணி நேர உழைப்பு ஒரு நாட்டுக்குப் போதுமா? போதும் என்கிறார் ரபேல். பிற நாடுகளில் உழைக்காமல் உண்போர் பலர். ஆடம்பரப் பொருள்களைச் செய்வதிலும் பலருடைய உழைப்பு கழிகிறது. அனைவரும் உழைத்து, தேவையானவற்றை மட்டுமே செய்தால் ஒவ்வொருவருடைய சுமையும் குறையும் என்பது அவர் காட்டும் காரணம்.

நாட்டுக்குள் பணப் புழக்கம் இல்லை. விளைபொருள்களும் செய்பொருள்களும் நகரின் பொதுச் சந்தைக்கு வந்து சேரும். குடும்பத் தலைவர் அங்குச் சென்று, தேவையானவற்றை விலையின்றிப் பெற்று வருவார். எந்நாளும் கிடைக்கும் பொருளை வீட்டில் பதுக்கி வைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டியவற்றைச் சேமித்த பின்னரே, மிகுதியைப் பிற நாடுகளுக்கு அனுப்புவர். அதிலும் ஏழில் ஒரு பங்கை அந்நாட்டு ஏழைகளுக்கு இலவசமாக வழங்குவர்.

பொன்னை அவர்கள் மதிப்பதில்லை. இரும்பின்றி வாழ இயலாது, பொன்னின்றி வாழலாம் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே மலசலக் கலங்களையும் அடிமைகளின் விலங்குகளையும் பொன்னால் செய்தனர். முத்தும் வைரமும் அங்குக் குழந்தைகளின் விளையாட்டு அணிகள்.

ஒருமுறை தொலைவிலுள்ள ஒரு நாட்டிலிருந்து மூன்று தூதர்கள் பொன்னணிகள் ஒளிர வந்தனர். தெருவில் நின்ற மக்கள், எளிய உடை அணிந்த பணியாளர்களையே தூதர்கள் என்று கருதி வணங்கினர். பொன்சங்கிலி அணிந்த தூதர்களை அடிமைகள் என்று எண்ணிப் புறக்கணித்தனர். உண்மையை உணர்ந்த தூதர்கள் நாணி, தம் அணிகளைக் களைந்தனர்.

ஆட்சி

முப்பது குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு நகரில் இத்தகைய தலைவர்கள் 200 பேர். அவர்கள் மறைமுக வாக்களிப்பின் வழியே நகரத் தலைவரைத் தெரிவு செய்கின்றனர். கொடுங்கோன்மை நாடுகிறார் என்னும் ஐயம் எழாத வரையில் அவர் வாழ்நாள் முழுவதும் பதவியில் இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நகரிலிருந்தும் முதிர்ந்த அறிவுடைய மூவர் அமரோட்டில் கூடி, நாட்டின் பொதுச் செயல்களை ஆராய்கின்றனர்.

மன்றத்தில் ஒரு கருத்து முன்வைக்கப்பட்ட அன்றே அதைப் பற்றி விவாதிப்பதில்லை. முந்திச் சொன்ன சொல்லைக் காப்பதற்காக வாதாடும் பிடிவாதத்தைத் தவிர்க்கவே இவ்விதி. சட்டங்கள் மிகச் சில. அவையும் எல்லாருக்கும் விளங்குபவை. வழக்கறிஞர்களுக்கு அங்கு இடமில்லை. இதை எழுதியவரும் ஒரு வழக்கறிஞரே என்பதை நினைவிற் கொள்க.

நாட்டின் மறுபக்கம்

இதுவரை படித்தவை நம் மனத்தைக் கவர்கின்றன. இனி நூல் கூறும் வேறு சில செய்திகளையும் காண்போம்.

முதலாவது, அடிமைகள். விலங்குகளைக் கொன்று இறைச்சியாக்குதல், பொது உணவுக்கூடங்களில் கடினமான, அழுக்கான வேலைகளைச் செய்தல் ஆகியவை அவர்களின் பணி. போரில் பிடிபட்டோர், குற்றம் புரிந்தோர், பிற நாடுகளில் மரண தண்டனை பெற்றோர் ஆகியோர் அடிமைகளாயினர். இவர்களோடு நான்காவதாக ஒரு பிரிவினரும் இருந்தனர். அவர்கள் அண்டை நாடுகளின் ஏழைத் தொழிலாளர். பிழைப்பைத் தேடித் தாமே விரும்பி வந்தவர்கள். யுட்டோபிய மக்கள் அவர்களை அன்பாகவே நடத்தினர். சற்றுக் கூடுதலாக வேலை வாங்கினர். திரும்பிச் செல்ல விரும்பினால் தடுப்பதில்லை. வெறுங்கையோடு அனுப்புவதும் இல்லை. ஆயினும் அடிமை என்னும் வரிசையிலேயே அவர்களும் வைக்கப்பட்டனர்.

இரண்டாவது, பயணம். ஒருவர் வேறு நகரத்துக்குச் செல்ல நகரத் தலைவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அஃதின்றிச் சென்றவர் தண்டிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுவார். மீண்டும் அவ்வாறு செய்தால் அடிமையாக்கப்படுவார்.

மூன்றாவது, பேச்சுரிமை. மன்றத்துக்கு வெளியே பொதுச் செயல்களைப் பற்றிக் கலந்து முடிவெடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம்.

பூட்டில்லாக் கதவுகளைக் கொண்ட நாட்டில், ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு இத்துணைத் தடைகள்! இக்குறைகளை மோர் அறியாமல் எழுதினாரா, அறிந்தே எழுதினாரா என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நூலின் இறுதியில், ரபேல் சொன்ன எல்லாவற்றையும் தம்மால் ஏற்க இயலவில்லை என்றும், பலவற்றைத் தம் நாட்டில் காண விரும்புவதாகவும் மோர் எழுதியுள்ளார்.

மோரின் முடிவு துயரமானது. மன்னர் ஹென்றி தம்மை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என அறிவித்தபோது, மோரின் மனச்சான்று அதற்கு இணங்கவில்லை. அதன் பொருட்டு 1535ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டு உயிரிழந்தார்.

நம் நாட்டை நோக்குவோம்

கற்பனை நாட்டைப் படிப்பதன் பயன், நம் நாட்டைப் புதிய கண்களால் காண்பது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் இம்மூன்று செய்திகளிலும் வேறு வழியைக் காட்டுகிறது. பேச்சுரிமையையும், நாடு முழுவதும் தடையின்றிச் செல்லும் உரிமையையும், எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையையும் அதன் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்குகிறது. 23ஆம் பிரிவு கட்டாய வேலை வாங்குவதைத் தடை செய்கிறது. தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய மக்கள் அதனைப் பேணிக் காக்கலாம் என்று 29ஆம் பிரிவு உறுதியளிக்கிறது.

உங்கள் பெற்றோர் வேலையின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வேறு மாநிலத்துக்கு வந்தனர். அதற்கு எவருடைய அனுமதிக் கடிதமும் தேவைப்படவில்லை. அவர்கள் இங்கு விருந்தினரும் அல்லர், அடிமைகளும் அல்லர், குடிமக்கள். இவ்வகுப்பில் நீங்கள் தமிழ் படிப்பதும் சலுகை அன்று. உங்கள் மொழியைப் பேணும் உரிமையின் பயன்.

எனினும் சட்டத்தில் எழுதிய யாவும் தெருவில் தாமே நிகழ்ந்துவிடுவதில்லை. நீங்கள் வாழும் நகரத்தில் கட்டடம் எழுப்புவோரும் சாக்கடை தூர்வாருவோரும் எங்கிருந்து வந்தனர்? அவர்கள் எங்கே தங்குகின்றனர்? அவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றனர்? ஒரு நாட்டின் அறிமுகத்தை எழுதும்போது, மலைகளையும் ஆறுகளையும் விளைபொருள்களையும் எழுதுவதோடு நிறுத்தாமல், இவ்வினாக்களுக்கும் விடை எழுதுதல் வேண்டும்.

சொற்பொருள்

நிலக்கிழார் – மிகுதியான நிலம் உடையவர்
கொல்லு வேலை – இரும்பு முதலியவற்றை உருக்கி, அடித்துச் செய்யும் தொழில்
விலங்கு – (இங்கு) கை, கால்களைப் பிணைக்கும் தளை
களைந்தனர் – நீக்கினர்
கொடுங்கோன்மை – முறைதவறிய ஆட்சி
மனச்சான்று – நன்மை தீமையை உணர்த்தும் உள்ளுணர்வு

இலக்கணம் அறிவோம்

‘பூட்டாத கதவு’ என்பதில் ‘பூட்டாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். ஈற்றிலுள்ள ‘த’ கெட்டுப் ‘பூட்டாக் கதவு’ என வருமாயின், அஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதன்பின் வல்லினம் மிகும். ‘வாடாத பூ’, ‘அழியாத புகழ்’, ‘அணையாத தீ’ ஆகியவற்றை இவ்வாறு மாற்றி எழுதுக.

வினாக்கள்

1. ‘யுட்டோபியா’ என்னும் பெயரின் பொருளை விளக்குக.
2. ஆறு மணி நேர உழைப்பே போதும் என்பதற்கு ரபேல் கூறும் காரணங்கள் யாவை?
3. தூதர்கள் நாணியது ஏன்?
4. பிழைப்பைத் தேடி வந்த அயல்நாட்டு ஏழைகள் யுட்டோபியாவில் நடத்தப்பட்ட முறை சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. அனைவரும் ஒரே மொழி பேசும் நாடு, பல மொழிகள் பேசும் நாடு – இவற்றின் நிறைகுறைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

செயல்பாடுகள்

1. நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, நீங்கள் விரும்பும் ஒரு கற்பனை நாட்டைப் படையுங்கள். நிலம், மக்கள், தொழில், ஆட்சி என்னும் நான்கு தலைப்புகளில் எழுதுங்கள். உங்கள் நாட்டில் கழிவறையைத் தூய்மை செய்பவர் யார், வெளியிலிருந்து வருபவர்க்கு என்ன உரிமை என்னும் இரு வினாக்களுக்கும் கட்டாயம் விடை எழுதுங்கள்.

2. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ முதன்முதலில் ஊரை விட்டு வந்த கதையைத் தமிழில் கேட்டறியுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தனர்? புதிய ஊரில் அவர்களுக்கு முதலில் உதவியவர் யார்? அவர் எந்த மொழி பேசினார்? பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படியுங்கள்.

3. திருக்குறளின் 74ஆம் அதிகாரம் ‘நாடு’. அதனை உரையுடன் படித்து, வள்ளுவர் காட்டும் நாட்டுக்கும் மோர் படைத்த நாட்டுக்கும் இடையே உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் குறிப்பிடுங்கள்.