ஏரியும் நிறைய வேண்டும், தறிக்குழியும் நனையக் கூடாது

ஐப்பசி பிறந்தால் நமது அங்கத்தினர் யாவரும் வானத்தைப் பார்க்கின்றனர். ஆனால் எல்லோரும் ஒன்றையே விரும்பிப் பார்ப்பதில்லை. பயிரிடுவோர், ஏரி கோடி போக வேண்டுமென்று காத்திருக்கின்றனர். தை மாதத்திற்குப் பின் மதகில் வரும் நீர் அதைப் பொறுத்தது. நெசவாளரோ, தறிக்குழியில் ஊற்றெடுத்துவிடுமோ, வீட்டிலுள்ள நூலும் பாவும் நனைந்து வீணாகுமோ என்று அஞ்சுகின்றனர். ஒரே சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் இவ்விரு சாராரும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு எதிரெதிராக மனுக் கொடுத்தால், இரு மனுக்களும் கட்டோடு கட்டாகக் கிடக்கும். ஆதலால் இம்மாதப் பாடத்தில் ஏரியின் நிறைமட்டத்தைப் பற்றி ஆராய முற்படுகிறோம்.

பொத்தேரி என்று சொல்லும்போதே அதில் ஏரி ஒலிக்கிறது. இங்கிருந்து வடக்கே கூடுவாஞ்சேரி, நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மணிமங்கலம் என்று செல்லச் செல்ல, ஏரிக்குப் பின் ஏரியாக நிலம் அமைந்திருக்கிறது. மேல் ஏரி நிறைந்தால் உபரி நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும். கடைசியில் அடையாற்றில் விழும். எந்த ஏரியும் தனி ஏரியன்று என்பதே இப்பாடத்தின் முதற்படி.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால் வெள்ளம் வந்தது என்பது பொதுப் பேச்சு. அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது உண்மை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே கூறிற்று. எனினும் நம் பக்கத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றைச் சேர்கிறது. வரதராஜபுரமும் முடிச்சூரும் அதற்கு மேற்புறத்தில் இருப்பவை. அவ்வூர்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய நம் ஏரிகளின் உபரி நீரே. திருநீர்மலைக்குக் கீழே உள்ள அனகாபுத்தூரோ பெயர் பெற்ற நெசவாளர் ஊர். வாழைநாரையும் நூலாக்கிச் சேலை நெய்தவர்கள் அங்குண்டு. மேலிருந்து வரும் இரண்டு வெள்ளமும் கூடியபின் அவர்கள் வாயிலைக் கடந்து போகிறது. நம் ஏரியின் கோடியில் ஒரு முழம் ஏற்றி வைப்பதும் இறக்கி வைப்பதும் அவர்களுடைய தறிக்குழியையும் தொடுகிற விஷயமாகும்.

ஏரியை ஆழப்படுத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2017 மார்ச்சில் அரசாங்கம் குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கிற்று. தூர் வாருவது நல்ல வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியை ஓரடி ஆழப்படுத்தினால் 43,56,000 கன அடி நீர் கூடுதலாகத் தங்கும். பெரிய தொகையாகத் தோன்றுகிறது. ஆயினும் தாம்பரத்தில் அன்று பெய்த 49 செண்டிமீட்டர் மழை, ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 70,000 கன அடியாகும். அவ்வளவும் ஓடி வந்தால், வெறும் 62 ஏக்கர் நிலத்தின் மழை அந்த ஓரடியை நிரப்பிவிடும். ஏரிக்கு நீர் வரும் நிலமோ அதைப்போல் பல மடங்கு. ஆகவே தோண்டிய பள்ளம் வேனிற்காலத்திற்கு உதவும். பெருவெள்ளத்தன்று உதவுவது மழைக்கு முன் வெறுமையாக விட்டுவைத்த இடமும், தடையின்றி ஓடும் போக்குக் காலுமே.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பழைய கலிங்குகள் சிலவற்றின் முடியில் இடைவெளி விட்டுக் கற்கள் நட்டிருப்பதை இன்றும் காணலாம். அவை அழகுக்காக நட்டவை என்று எண்ணுவோர் உண்டு. பருவத் தொடக்கத்தில் அந்த இடைவெளிகளைத் திறந்தே வைத்திருப்பர். வெள்ளம் தாராளமாக வழிந்து போகும். பெருமழை ஓயும் காலம் வந்தபின், புல்கரணையும் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு இடைவெளியை அடைத்து, மேலும் சிறிது உயரம் நீரைத் தேக்குவர். முதலில் இடம், பிறகு நிறைவு என்பது அதன் முறை. பின்னாளில் அவ்விடைவெளிகளைச் சிமெண்டினால் நிரந்தரமாக அடைத்த இடங்களில் இந்த முறையே மறந்து போயிற்று.

நம் கடலோர மாவட்டங்கள் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெறுகின்றன. 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023-லும், டிசம்பர் முதல் வாரத்தில்தான் பெருமழை கொட்டியது. ஆதலால் மார்கழி பிறக்குமுன் ஏரியை விளிம்புவரை நிரப்பி வைப்பது ஆபத்தானது என்பது எமது கருத்து. இதில் பயிரிடுவோருக்கு நட்டம் நேரலாம் என்பதை மறைக்கவில்லை. மார்கழியில் மழை பொய்த்தால் குறைந்த மட்டத்தோடுதான் ஏரி நிற்கும். கீழூர் பிழைப்பதற்காக மேலூர் அந்தச் சுமையைத் தனியே தாங்க வேண்டுமென்பது நியாயமாகாது. அத்தகைய ஆண்டில் ஏரிப் பாசன அங்கத்தினரின் கடன் தவணையை ஒத்திவைக்கச் சங்கங்கள் முன்னதாகவே தீர்மானம் செய்துகொள்ளலாம். அரசாங்கத்திடம் ஈட்டுத்தொகை கோருவதற்கும் அத்தீர்மானம் ஆதாரமாகும்.

ஹாலந்து தேசத்தில் 1993-லும் 1995-லும் ஆறுகள் பெருகி, இரண்டாம் முறை சுமார் இரண்டரை லட்சம் மக்கள் வீடு விட்டு வெளியேறினர். அதன்பின் கரையை மேலும் உயர்த்துவதோடு நில்லாமல், ஆற்றுக்கு இடம் கொடுக்கத் திட்டமிட்டனர். ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்து விவசாயிகள், வெள்ளம் வந்தால் தங்கள் வயலில் பாயட்டும், வீட்டையும் தொழுவத்தையும் மண்மேடுகளின்மீது கட்டிக்கொள்கிறோம் என்று தாமே யோசனை கூறினர், அவ்வாறே செய்யப்பட்டது. நீர் நிர்வாகத்திற்கென்றே தேர்தலும் வரியும் உடைய ஸ்தாபனங்கள் அங்கு பல நூற்றாண்டுகளாக உண்டு. நம்மிடம் அவ்வகைத் தனி ஸ்தாபனம் இல்லை.

இல்லையெனினும் வழியில்லாமல் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களில் சேர்த்திருக்கிறது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் 2021-இல் ஒரே மாநகராட்சியாயின. ஆகவே ஒரே வெள்ளம் கடலுக்குப் போகுமுன் பல அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் தன் தெருநீரை விரைவாக அடுத்த எல்லைக்குத் தள்ளுவதையே திட்டமென்று கருதினால், மேலே கட்டிய வடிகால் கீழே வெள்ளமாகும்.

பொத்தேரி அங்கத்தினர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் இங்கே அருகருகே செல்கின்றன. இரண்டும் மேடாக எழுப்பப்பட்டவை. நீர் அவற்றைக் கடப்பது சிறு பாலக் கண்கள் வழியாகவே. வடிகாலை ஆறடி அகலமாகக் கட்டிப் பாலக் கண் மூன்றடியாக இருந்தால், அந்த வடிகாலும் மூன்றடி வடிகாலே.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிற்று. 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் நவம்பர் 1-லும் கூடுகிறது. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் ஏற்பட்டுள்ளன. நவம்பரில் மழை வந்துவிடும். மார்ச்சே நமக்கு ஏற்ற காலம். அப்போது செல்லும் அங்கத்தினர் கையில் ஒரு தாள் இருக்கட்டும். தம் ஏரியின் கோடியிலிருந்து அடுத்த ஏரி வரை நடந்து பார்த்து, கால்வாய் எங்கே ஒடுங்குகிறது, எந்தப் பாலக் கண் அடைபட்டிருக்கிறது, 2015-லும் 2023-லும் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பவற்றை அதில் குறிக்க வேண்டும். ஆக்கிரமிப்பைக் குறிக்கும்போது ஏழையின் குடிசையை மட்டும் எழுதிப் பெரிய மதிற்சுவரை விட்டுவிடலாகாது. அக்டோபர் தொடக்கத்திலும் மார்கழியிலும் ஏரி எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், மதகின் சாவி யாரிடம் இருக்கும், திறப்பதைக் கீழூருக்கு யார் அறிவிப்பார் என்பதைத் தீர்மானமாக எழுதிக் கேட்க வேண்டும். அதே தீர்மானத்தின் பிரதியைக் கீழூர்ச் சபைக்கும் அனுப்புதல் அவசியம்.

நெசவாளர் வீடுகளில் நூலும் பாவும் சுவரில் நீர் நின்ற குறிக்கு மேலே பரண் அமைத்து வைக்கப்படல் வேண்டும். தாழ்ந்த தெருவினர் புயல் அறிவிப்பு வந்தவுடன் நூலைச் சங்கக் கிடங்கிற்குக் கொண்டுவர, ஒரு வண்டியை ஐப்பசியிலேயே பேசி வைக்கலாம்.