ஒரு மாதத்தின் மழைக் கணக்கு
தன்னார்வ நோக்காளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம்

மேகாலயத்தின் காசி மலைமீது அமைந்துள்ள சிரபுஞ்சியில் 1861 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 9,300 மில்லிமீட்டர் மழை அளக்கப்பட்டது. ஒரே மாதத்தில் பெய்த மழையில் உலகில் இதனை விஞ்சிய அளவு வேறொன்றும் பதிவாகவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பெற்றது 1875 ஆம் ஆண்டில். துறை தோன்றுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே அம்மலையில் மழைமானி இருந்தது. அதனை நாள்தோறும் அளந்து எழுதும் வழக்கமும் இருந்தது. மாத மொத்தம் என்பது ஒரு நாளில் கிடைக்கும் எண்ணன்று. முப்பத்தொரு நாட்களின் அளவுகளும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டாலன்றி அது பிறவாது.

இன்று வானிலைச் செயற்கைக்கோள்களும் ராடார்களும் உள்ளன. ஆயினும் அவை மழையை மதிப்பிடுகின்றனவேயன்றி, தரையில் விழுந்த நீரை நேரே அளப்பதில்லை. அம்மதிப்பீடு சரியா என்று பார்க்கத் தரையிலுள்ள மழைமானியே துணை செய்கிறது. அரசின் நிலையங்களை எல்லாச் சிற்றூர்களிலும் அமைத்தல் எளிதன்று. ஆதலின் பள்ளி ஆசிரியர், விரிவாக்கப் பணியாளர், உழவர் ஆகியோர் தாமே முன்வந்து எழுதும் பதிவேட்டிற்குத் தனி மதிப்பு உண்டு. அப்பதிவேட்டை ஒரு மாதம் பேணும் முறையும், மாத முடிவில் அதனைப் படித்தறியும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

1. மொத்தம் மறைப்பது என்ன?

பயிற்சிக்காக இரண்டு ஊர்களைக் கற்பனை செய்து கொள்வோம். முதல் ஊரில் ஒரு மாதத்தின் 31 நாட்களிலும் நாளொன்றுக்கு 10 மி.மீ. மழை பெய்தது. இரண்டாம் ஊரில் 27 நாட்கள் மழையே இல்லை. எஞ்சிய நான்கு நாட்களில் 5, 120, 175, 10 மி.மீ. பெய்தது. இரண்டு ஊர்களுக்கும் மாத மொத்தம் 310 மி.மீ. தான். ஆனால் முதல் ஊரில் நாற்று செழித்திருக்கும். இரண்டாம் ஊரில் முதலில் வறட்சியால் வாடிய பயிர் பின்னர் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். மொத்தத்தை மட்டும் எழுதி அனுப்பினால் இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இது கற்பனையில் மட்டும் நிகழ்வதன்று. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளத்தைப் பற்றி மத்திய நீர் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆகஸ்டு 1 முதல் 19 வரை அம்மாநிலத்தில் பெய்த சராசரி மழை 758.6 மி.மீ.; அந்நாட்களுக்குரிய இயல்பு அளவு 287.6 மி.மீ. இவ்வளவில் 414 மி.மீ. ஆகஸ்டு 15, 16, 17 ஆகிய மூன்றே நாட்களுக்குரியது. அதாவது பத்தொன்பது நாட்களின் மழையில் பாதிக்கு மேற்பட்டது மூன்று நாட்களில் கொட்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த வெள்ளத்தின் காரணம், மொத்தத்தைக் காட்டிலும் நாள்வாரியான பங்கீட்டிலேயே தெளிவாகத் தெரிகிறது.

அதே அறிக்கை இம்மழையை 1924 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தேவிகுளத்தை மையமாகக் கொண்டு பெய்த பெருமழையோடு ஒப்பிட்டது. கொல்லம் ஆண்டு 1099 இல் நிகழ்ந்தமையால் அதனைக் கேரள மக்கள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று வழங்குவர். இரு பெருமழைகளுக்கும் இடையே 94 ஆண்டுகள் கழிந்திருந்தும் அவற்றை ஒப்பிட முடிந்ததற்கு, 1924 இல் நாள்தோறும் எழுதி வைத்த எண்களே அடிப்படை.

2. கருவியும் இடமும்

மழைமானியின் தத்துவம் எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர்; ஒரு ஹெக்டேரில் பெய்தால் 10,000 லிட்டர். சமதளத்தில் விழுந்த நீர் வழிந்தோடாமலும் நிலத்தில் ஊறாமலும் நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுவே மழையளவு.

கருவியை வைக்கும் இடத்தில் பலர் தவறுகின்றனர். மரத்தடி, கூரையின் ஓரம், மொட்டை மாடி ஆகியவை ஏற்றவையல்ல. மரம் மழையைத் தடுக்கும். கூரை நீரைத் தெளிக்கும். மாடியில் காற்று சுழன்று துளிகளை அப்பால் கொண்டு செல்லும். அருகிலுள்ள மரமோ கட்டிடமோ எவ்வளவு உயரமோ, அதன் இருமடங்கு தொலைவிலேனும் கருவி இருத்தல் வேண்டும். விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் கிடைமட்டமாக அமைய வேண்டும்.

அளவுக் கண்ணாடி மழைமானிக்கு ஏற்றதுதானா என்று முதல் நாளே பார்த்துக் கொள்க. வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டராக உள்ள மானியில் 1 மி.மீ. மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். 100 சதுர சென்டிமீட்டர் மானியில் 10 மில்லிலிட்டரே சேரும். சிறிய மானியின் நீரைப் பெரிய மானிக்குரிய கண்ணாடியில் அளந்தால் மாதம் முழுவதும் மழை பாதியாகவே பதிவாகும். மாணாக்கர் செய்யும் எளிய மானிக்கு, அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் வேண்டும். அதில் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் போதும்.

கண்ணாடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்திற்கு நேரே கொணர்ந்து, நீரின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும்.

3. நேரமும் தேதியும்

இந்தியாவில் மழை அளக்கும் நேரம் காலை 8.30 மணி. முந்திய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்த மழை, அளந்த நாளின் தேதியிலேயே எழுதப்படும். 14 ஆம் தேதி மாலையில் பெய்த மழை 15 ஆம் தேதிக்குரிய கட்டத்தில் இடம்பெறும். ‘நேற்றைய மழை’ என்று கருதி அதனை 14 இல் எழுதும் நோக்காளர், தம் ஊரின் மழையை அண்டை ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே பெய்ததாகக் காட்டிவிடுவார். மேல்மலையில் பெய்த மழை ஆற்றுவழியே கீழே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிடுவோருக்கு இப்பிழை பெருந்தடையாகும்.

மாதத்தின் முதல் நாளிலும் இதே விதி. ஆகஸ்டு 1 காலையில் அளந்த நீரின் பெரும்பகுதி ஜூலை 31 இல் பெய்ததாயினும் அது ஆகஸ்டு மாதக் கணக்கிலேயே சேரும்.

மழை மிகுந்து பெய்யும்போது மானியின் கலம் நிரம்பி வழியக்கூடும். 200 சதுர சென்டிமீட்டர் மானியில் 4 லிட்டர் கலம் 200 மி.மீ. மழையோடு நிரம்பிவிடும். அத்தகைய நாட்களில் இடையிடையே அளந்து, நேரத்தையும் அளவையும் தனித்தனியே குறித்து, மறுநாள் 8.30 அளவோடு கூட்டி எழுதுக. இந்த இடைக்குறிப்புகள் மழையின் வேகத்தையும் காட்டும்.

4. பூச்சியமும் வெற்றிடமும்

மழை பெய்யாத நாளில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுதல் பிழை. கருவியைப் பார்த்தபின் எழுதும் பூச்சியம் ஓர் அளவீடு. ‘இன்று பார்த்தோம், மழை இல்லை’ என்பது அதன் பொருள். வெற்றுக் கட்டத்திற்கோ ‘பார்க்கவில்லை’ என்பதே பொருள். வறட்சி எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பூச்சியங்களின் வரிசை ஒன்றே மெய்ப்பிக்கும். வெற்றிடங்களின் வரிசை எதனையும் மெய்ப்பிக்காது. தூறல் விழுந்தும் 0.1 மி.மீ. தேறவில்லையெனில் அதனைத் தனிக் குறியிட்டுக் காட்டுக.

நோக்காளர் இரண்டு நாள் வெளியூர் சென்று மூன்றாம் நாள் திரும்பினார். மானியில் 84 மி.மீ. நீர் இருந்தது. அதனை மூன்றால் வகுத்து நாளுக்கு 28 என எழுதினால், மூன்று மிதமான மழை நாட்கள் தோன்றும். உண்மையில் முழு மழையும் ஒரே இரவில் பெய்திருக்கலாம். அவ்வாறாயின் அது கனமழை. ஆகவே முதல் இரு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, மூன்றாம் கட்டத்தில் ‘மூன்று நாள் மொத்தம் 84’ என்று எழுதுவதே நேர்மை. மாத மொத்தத்திற்கு அந்த எண் பயன்படும். மழை நாட்களின் எண்ணிக்கைக்குப் பயன்படாது. அண்டை ஊர்க்காரரைக் கேட்டு உத்தேசமாக நிரப்புதல் ஒருபோதும் கூடாது. எழுதிய எண் பிழையெனக் கண்டால் அழிக்காமல் ஒரு கோடிட்டு அடித்து, சரியான எண்ணை மேலே எழுதுக.

5. மாத முடிவில் செய்ய வேண்டியவை

முதலாவது, மொத்தம் காண்க. இரண்டாவது, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மழை பெய்த நாட்களை எண்ணுக. இவையே மழை நாட்கள். மூன்றாவது, ஒவ்வொரு மழை நாளையும் வகைப்படுத்துக. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.5 உம் அதற்கு மேலும் அதிகனமழை. நான்காவது, மிகப் பெரிய ஒருநாள் மழையையும், தொடர்ந்து மழையற்றிருந்த மிக நீண்ட காலத்தையும் தேதிகளோடு குறிக்க.

ஐந்தாவது, இயல்பிலிருந்து எவ்வளவு வேறுபாடு என்று காண்க. பெய்த அளவிலிருந்து இயல்பு அளவைக் கழித்து, மீதியை இயல்பு அளவால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். மேற்கூறிய கேரளக் கணக்கில் 758.6 இலிருந்து 287.6 ஐக் கழித்தால் 471.0, அதனை 287.6 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 164 விழுக்காடு மிகுதி. வேறுபாடு 19 விழுக்காட்டிற்குள் கூடினாலும் குறைந்தாலும் மழை இயல்பானதே. 20 முதல் 59 வரை கூடினால் மிகை. 60 உம் அதற்கு மேலும் கூடினால் பெருமிகை. அவ்வாறே குறைந்தால் பற்றாக்குறை, பெரும் பற்றாக்குறை எனப்படும். இயல்பு என்பது பல்லாண்டுகளின் சராசரியாதலால், ஓராண்டுப் பதிவேட்டைக் கொண்டு அதனை வகுக்க இயலாது. புதிய நோக்காளர் தம் மாவட்டத்திற்கெனத் துறை வெளியிட்ட இயல்பளவைக் கொள்ளலாம்.

6. ஒருவர் அளவும் பலர் அளவும்

மலைநாட்டில் ஒரு மேட்டின் இருபுறத்திலும் மழை ஒரே அளவாகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ளும் சரிவில் மிகுந்தும், மறுசரிவில் குறைந்தும் பெய்யும். ஆகவே பல நோக்காளர்கள் ஒரே நேரத்தில் அளந்து எண்களை ஒன்று சேர்க்கும்போதுதான் அவற்றின் முழுப் பயன் வெளிப்படும்.

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றின் கரையிலுள்ள மக்கள் இவ்வழியைப் பின்பற்றியுள்ளனர். ஆறு தோன்றும் மலைப்பகுதியில் மழைமானிகளும், கீழே ஆற்றோரத்தில் நீர்மட்ட அளவுகோல்களும் வைக்கப்பட்டன. மாணாக்கரும் ஊர்மக்களும் அளந்து கைபேசி வழியே தெரிவிக்கின்றனர். ஈராற்றுப்பேட்டைக்கு மேலே எவ்வளவு மழை என்று அறிந்தால், பாலையிலும் கோட்டயத்திலும் உள்ளோர் நீர் வருமுன் பொருள்களை மேட்டிற்கு ஏற்ற முடியும்.

வயநாட்டில் கல்பற்றாவை இருப்பிடமாகக் கொண்ட ஹியூம் சூழலியல், வன உயிரியல் மையம் மாவட்டமெங்கும் இருநூறு மழைமானிகளுக்கு மேல் அமைத்துத் தன்னார்வலர்களின் உதவியால் நாள்தோறும் அளவெடுத்து வருகிறது. 2024 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் அதிகாலையில் அம்மாவட்டத்தின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளோடு முடிந்த 24 மணி நேரத்தில் அருகிலுள்ள புத்துமலை மழைமானியில் 370 மி.மீ.க்கு மேல் பதிவாயிற்று. முந்திய நாளிலும் அங்கு கனத்த மழை பெய்திருந்தது. ஏற்கெனவே நீர் ஊறிய மலைச்சரிவின்மீது மேலும் மழை கொட்டும்போது மண் பிடிப்பிழக்கிறது. எனவே மலையூர் நோக்காளர் அன்றைய அளவோடு முந்திய இரண்டு நாட்களின் கூட்டுத்தொகையையும் நாள்தோறும் எழுதுவது நலம். கனமழை நாளில் அளவைப் பதிவேட்டில் எழுதியதோடு நில்லாமல் உடனே உரியவர்க்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

வகுப்பிற்கான பயிற்சி

1. பள்ளி வளாகத்தின் வரைபடம் வரைந்து, ஒவ்வொரு மரத்தின் உயரத்தையும் மதிப்பிட்டு, மழைமானிக்கு ஏற்ற இடத்தைக் காட்டுக.

2. இரு மாணாக்கர் குழுக்கள் ஒரே நீரைத் தனித்தனியே அளந்து எழுதட்டும். வேறுபாடு 0.2 மி.மீ.க்கு மேற்பட்டால் காரணம் ஆராய்க.

3. ஊரிலுள்ள பழைய பதிவேட்டில் மழை அங்குலத்திலும் சென்டிலும் இருப்பின் அதனை மி.மீ. ஆக மாற்றுக. நூறு சென்டு ஓர் அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

4. மாதத்தின் 31 அளவுகளையும் பட்டை வரைபடமாக வரைக. மொத்தத்தை மறைத்து வரைபடத்தை மட்டும் வேறொரு வகுப்பிற்குக் காட்டி, எந்த வாரத்தில் விதைக்கலாம், எந்த நாளில் ஆற்றைக் கடக்கலாகாது என்று வினவுக.

விடுமுறை நாட்களில் அளப்பவர் யார் என்பதை மாதம் தொடங்குமுன்னரே முடிவு செய்து, அவர் பெயரைப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்தல் ஆசிரியரின் கடமை. பெரும்பாலான பதிவேடுகளில் வெற்றுக் கட்டங்கள் தோன்றுவது அந்நாட்களிலேயே.