உலர் வலயக் காட்டுத் தாவரங்களும் மண்ணும்

உலர் வலயத்துக்கு ஆண்டில் 1750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழையே கிடைக்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கடும் வறட்சி. எனினும் பாலை, வீரை போன்ற காட்டு மரங்கள் அக்காலத்திலும் பச்சையாகவே நிற்கின்றன. இவற்றுக்கு நீர் எங்கிருந்து கிடைக்கின்றது? "தடித்த இலை, ஆழமான வேர்" என்று மட்டும் எழுதும் மாணவர் பாதி விடையையே எழுதுகின்றனர். வேர் ஆழமாகச் செல்வதற்கு மண் இடங்கொடுக்க வேண்டும் அல்லவா? மீதிப் பாதி அங்கேதான் உள்ளது.

மண்ணின் ஆழமும் இழையமைப்பும்

வில்பத்துவின் மேற்குப் பகுதியில் செம்மஞ்சள் லற்றசோல் மண் காணப்படுகின்றது. இது பல மீற்றர் ஆழமானது. நீர் இலகுவாக உட்செல்லும். மாரி மழை ஆழத்துக்கு இறங்கிச் சேமிக்கப்படுவதால், கோடையில் வேர்கள் அதனைப் பெறுகின்றன. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து வளர்வது இதனாலேயே.

மன்னாரில் முருங்கனைச் சூழக் காணப்படும் கரிய குருமுசோல் மண்ணோ களி மிகுந்தது. மழையில் வீங்கி ஒட்டும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். நெல்லுக்கு ஏற்ற இம்மண்ணில் உயர்ந்த காடு உருவாவது கடினம், முட்பற்றைகளே தாக்குப்பிடிக்கின்றன.

"களி மண்தானே அதிக நீரைப் பிடித்து வைக்கும்?" என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஒரு செயற்பாட்டைச் செய்து பாருங்கள். அடியில் துளையிட்ட ஒரேயளவான இரு தகரப் பேணிகளில் உலர்ந்த மணலையும் தூளாக்கிய உலர்ந்த களியையும் சம அளவில் இட்டு, ஒவ்வொன்றிலும் 200 மில்லிலீற்றர் நீர் ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலத்தின் பின் வடிந்த நீரை அளவிடுங்கள். மணலிலிருந்தே கூடுதலாக வடிந்திருக்கும். ஆனால் களியில் எஞ்சிய நீர் முழுவதும் தாவரத்துக்குக் கிடைப்பதில்லை. நுண்ணிய துணிக்கைகள் ஒரு பகுதி நீரை வேரால் உறிஞ்ச முடியாதவாறு இறுகப் பற்றியிருக்கும். களி மண் ஈரமாகத் தோன்றும்போதே செடி வாடுவது இதனாலாகும். பரீட்சையில் பலர் தவறவிடும் இடமும் இதுவே.

மணலிலும் ஒரு வியப்பு உண்டு. வடமராட்சி மணற்காட்டு மணற்குன்றில் மேற்பரப்பு சுட்டெரிக்கும். கையால் தோண்டினால் கீழே ஈரம் தெரியும். மேலேயுள்ள உலர்ந்த மணற்படை மயிர்த்துளைக் கவர்ச்சியைத் தடுப்பதால் கீழ்நீர் ஆவியாவது குறைகின்றது. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அங்கு நிலைத்திருக்க இது உதவுகின்றது.

போசணையும் உப்பும்

உலர் வலய மண் வளமற்றது என்று எழுதாதீர்கள். ஈர வலயத்தில் மிகுந்த மழை கல்சியம், மகனீசியம் போன்றவற்றைக் கழுவிச் செல்வதால் மண் அமிலத்தன்மை அடைகின்றது. உலர் வலயத்தில் அக்கழுவுதல் குறைவு. ஆகவே செங்கபில மண் பெரும்பாலும் நடுநிலையை அண்மித்து, இப்போசணைகளைத் தக்கவைத்துள்ளது. குறைவாக இருப்பது உக்கலே. வெப்பம் மிகுதியாதலால் சருகு விரைவில் பிரிந்தழிகின்றது. காடு நிற்கும்வரை புதிய சருகு அதனை ஈடுசெய்யும். சேனைக்காகக் காட்டை வெட்டி எரித்தால் சில ஆண்டுகளில் உக்கல் குன்றி, மேல்மண் இறுகி, மழைநீர் உட்செல்லாது வழிந்தோடும். பின்னர் அவ்விடத்தில் முட்பற்றையே முதலில் தலைதூக்கும்.

கடனீரேரி ஓரங்களில் நிலைமை வேறு. ஆவியாதலின்போது உவர்நீர் மேலெழுந்து உப்பை மேற்பரப்பில் விட்டுச்செல்லும். அங்கு நீர் இருந்தும் பிரசாரணம் காரணமாகச் சாதாரண தாவரங்களால் உறிஞ்ச முடியாது. உமரி போன்ற உவர்நிலத் தாவரங்களே வளரும்.

பயிற்சி

1. பாலை மரம் கோடையிலும் பச்சையாக இருப்பதற்கு லற்றசோல் மண்ணின் இரு இயல்புகள் எவ்வாறு உதவுகின்றன?
2. களி மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடலாம். விளக்குக.
3. சேனைக்குப் பின் கைவிடப்பட்ட நிலத்தில் உயர்ந்த காடு மீண்டும் உருவாக நெடுங்காலம் எடுப்பது ஏன்? (உக்கல், நீர் உட்புகல் ஆகிய இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதுக.)