மாதிரி கிளைடரும் திருப்புத்திறனும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிச் செல்லும் விமானமே கிளைடர். அதன் சிறிய மாதிரியைத் தெர்மோகோலாலும் மெல்லிய மரத்தாலும் செய்து, தரையில் நின்றபடியே ரேடியோ அலைகளால் இயக்கலாம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை ஒரு பயிற்சியாகவே உள்ளது. ஆனால் புதிதாகச் செய்த கிளைடர் எளிதில் சொன்னபடி கேட்பதில்லை. மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், தலைகுப்புற விழும். அதைச் சீர்செய்யும் முறையை இங்குக் காண்போம்.

1. எடை

ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் தம் உடலை அசைத்தே கிளைடரின் சமநிலையைக் காத்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று அவரது கிளைடர் காற்றில் நிலைகுலைந்து விழுந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். மாதிரியிலோ உடலை அசைக்க ஆளே இல்லை. எனவே ஈர்ப்பு மையத்தை முன்னதாகவே சரியான இடத்தில் அமைக்க வேண்டும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் குறுக்கு அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தொலைவு, சாதாரண அமைப்புடைய மாதிரிக்கு நல்ல தொடக்கம்.

குறுக்கு அகலம் 21 செ.மீ. என்றால் மையம் 7 செ.மீ.-இல் இருக்கட்டும். 600 கிராம் எடையுள்ள மாதிரி 9 செ.மீ.-இல் சமநிலை பெற்றால், மையம் 2 செ.மீ. பின்தங்கியுள்ளது. திருப்புத்திறன் 600 × 2 = 1200. நூறு கிராம் பாட்டரியை 12 செ.மீ. முன்னால் நகர்த்தினால் போதும். கூடுதல் எடை தேவையில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மாட்டுவண்டி ஓட்டிய என் தந்தைக்குத் திருப்புத்திறன் என்ற சொல் தெரியாது. ஆனால் முன்பாரம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் நுகத்தைத் தூக்கும் என்பது நன்றாகத் தெரியும். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த சூத்திரத்தின் பொருள் அவர் சொல்லித்தான் விளங்கியது.

2. வால் பலகை

சிறிது அசைத்தாலும் கிளைடர் துள்ளினால், எலிவேட்டரின் அசைவு அதிகம் என்று பொருள். சர்வோ மோட்டாரின் கை நீளமும் பலகையின் கொம்பு நீளமும் 12 மி.மீ. என்றால், மோட்டார் 30 பாகை திரும்பப் பலகையும் 30 பாகை திரும்பும். கம்பியைக் கொம்பின் 18 மி.மீ. துளைக்கு மாற்றினால், பலகை ஏறக்குறைய 20 பாகையே திரும்பும்.

3. திருப்பம்

திரும்பும்போது உயரும் இறக்கையில் காற்றின் தடையும் கூடுகிறது. அதனால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. ரைட் சகோதரர்களின் 1902-ஆம் ஆண்டுக் கிளைடரும் இவ்வாறே தொல்லை கொடுத்தது. அவர்கள் அசையாத இரட்டை வாலை அகற்றி, அசையும் ஒற்றைச் சுக்கானைப் பொருத்தினர்; அதை இறக்கையின் முறுக்குடன் இணைத்தனர். கிளைடர் வசப்பட்டது. அடுத்த ஆண்டே எஞ்சினுடன் பறந்தனர். அவர்கள் கல்லூரியில் படிக்காத, சைக்கிள் கடைக்காரர்கள்! மாதிரியிலும் எய்லிரானுடன் சுக்கானைச் சேர்த்து அசைப்பதே தீர்வு. எய்லிரான் மேலே அசையும் அளவைவிடக் கீழே அசையும் அளவைக் குறைத்தாலும் பயன் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், பலன் எதனால் விளைந்தது என்று அறிய இயலாது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மாணவ நண்பர்களே! ஏரியூரைச் சுற்றி அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லைகளும் நிலக்கடலைக் கொல்லைகளும் உள்ளன. காற்று அடங்கிய காலை வேளையில், காற்றுக்கு எதிர்முகமாக, மூக்கைச் சற்றே தாழ்த்தி மெல்ல எறிந்து பாருங்கள். பாடநூலின் இரண்டு மதிப்பெண் வினா கண்ணெதிரே பறக்கும்.