உடம்பில் பலம் ஏற... ஒரு நாற்காலி போதும்!

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் எப்படி எழுந்திருக்கிறீர்கள்? கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, 'அம்மாடி' என்று ஒரு முனகலோடுதானே? கேட்டால், 'வயசாச்சு இல்லே' என்று சமாதானம் வேறு! வயது மட்டும் காரணமில்லீங்க. வேலை கொடுக்காமல் விட்டுவிட்ட தசைகளும்தான் காரணம்.

முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையக்கூடும். அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். அவை இளைத்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். தடுமாறி விழும் ஆபத்தும் அதிகம்.

'இனிமேல் எங்கே பலம் வரப் போகுது' என்கிறீர்களா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுவதும் செய்து முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது! 1990-ல் வெளியான ஆய்வு இது.

'நான்தான் தினமும் வாக்கிங் போறேனே!' நல்லதுதான், இதயத்துக்கு அது தேவை. ஆனால் தோளும் முதுகும் கையும் பலம் பெற அது போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல்.

ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

1. நாற்காலி: சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். 'தொப்'பென்று விழக் கூடாது.

2. சுவர் தண்டால்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். உடம்பு ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும்.

3. பை இழுப்பு: துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி. ஒரு கையை மேஜையில் ஊன்றி, முதுகு வளையாமல் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். பிறகு கை மாற்றுங்கள்.

4. குதிகால்: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை. முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று போதும். பிறகு இரண்டு சுற்று. நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. கடைசி இரண்டு தடவை 'அப்பாடா' என்று இருந்தால்தான் பலன். 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் அரிசியை அரை கிலோ கூட்டுங்கள். திங்கள் செய்தால் அடுத்தது வியாழன். ஓய்விலும்தான் தசை வளர்கிறது.

மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். பளுவைத் தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மறுநாள் லேசான வலி சகஜம். இரண்டு மூன்று நாளில் போய்விடும். சுருக்கென்று குத்தினாலோ, நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்தில் ஆபரேஷன் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது.

பெண்களே, 'பயில்வான் மாதிரி ஆயிடுவோமோ' என்ற பயம் வேண்டாம். அதற்கு வேண்டிய அளவு ஆண் ஹார்மோன் உங்களுக்குக் கிடையாது.

பவுடர் டப்பாவும் தேவையில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். மீதியைப் பருப்பு, சுண்டல், தயிர், மீன் பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கே 30 விநாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணி, காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள். 'அம்மாடி'க்கு அப்போது வேலை இருக்காது!